மறுமணம் செய்யும் பெண்களே... வீடு, நகை பத்திரம்!

கணவரை இழந்த பெண்களும், விவாகரத்து வாங்கிய பெண்களும் மறுமணம் செய்து கொள்வது இப்போது ஊருக்கு ஊர் நடக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் மாப்பிள்ளையின் வேலை, குணம், குடிப்பழக்கம் வரை விசாரிக்கிற குடும்பத்தார், பெண்ணின் பெயரில் உள்ள வீடு, நகை, பேங்க் பணம் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. "நல்ல காரியம் நடக்கிற நேரத்துல சொத்து பேச்சு எதுக்கு?" என்று விட்டு விடுகிறார்கள். கடைசியில் அடிபடுவது முதல் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமை சட்டப்படி, பெண் பெயரில் உள்ள சொத்து முழுக்க அவருக்கே சொந்தம். இறந்து போன முதல் கணவர் வழியாக வந்த பங்கும் மறுமணத்தால் பறிபோகாது. 2008-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்துள்ளது.

சிக்கல் எங்கே என்றால், அந்த பெண் உயில் எழுதாமல் இறந்து விட்டால், பிள்ளைகளோடு புது கணவரும் சரிசமமான வாரிசு ஆகி விடுவார். 2 பிள்ளைகள் இருந்தால் வீடு 3 பங்காகும். கணவரின் பங்கு அவர் காலத்துக்கு பிறகு அவருடைய வாரிசுகளுக்கு போய் விடும். கிறிஸ்தவர், முஸ்லிம்களுக்கு பங்கு கணக்கு வேறு.

உயில் எழுதுங்க

வெளிநாடுகளில் கல்யாணத்துக்கு முன்பே சொத்து ஒப்பந்தம் போடுகிறார்கள். நம்ம ஊரில் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. உயில்தான் கை கொடுக்கும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளை பேப்பரே போதும். சொத்தில் பங்கு இல்லாத 2 பேரை சாட்சியாக வைத்து கையெழுத்து போட வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் சார்பதிவாளர் ஆபீசில் பதிந்து விட்டால் பின்னால் தகராறு குறையும். மனசு மாறினால் உயிலை எப்ப வேணும்னாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் பத்திரம் அப்படி இல்லை, கொடுத்தால் கொடுத்ததுதான். அவசரப்பட வேண்டாம்.

கிறிஸ்தவ பெண்கள் ஒன்றை கவனிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில், கல்யாணம் ஆனதும் செல்லாது. பிறகு புதிதாக எழுத வேண்டும்.

நகைக்கு கணக்கு

1985-ம் ஆண்டு விதிப்படி கல்யாண பரிசுகளுக்கு பட்டியல் போட வேண்டும். என்ன பொருள், என்ன மதிப்பு, யார் கொடுத்தது என்று எழுதி மணமக்கள் இருவரும் கையெழுத்து போட வேண்டும். பழைய நகைகளையும் தனியாக எழுதி போட்டோ எடுத்து வையுங்க. ரசீது, ஹால்மார்க் எண் இருந்தால் இன்னும் பலம்.

கேரளாவில் ஒரு பெண், கல்யாணத்தில் போட்ட 89 பவுன் நகையை கணவர் வாங்கிக் கொண்டதாக வழக்கு போட்டார். 2003-ல் கல்யாணம், 2024-ல்தான் தீர்ப்பு. பெண்ணின் நகை கணவருக்கும் சேர்ந்த சொத்து கிடையாது என்று கூறிய சுப்ரீம் கோர்ட்டு, ரூ.25 லட்சம் கொடுக்க உத்தரவிட்டது. நியாயம் கிடைக்க 20 வருஷத்துக்கு மேல் ஆனது குறிப்பிடத்தக்கது.

பேங்க்கில் உஷார்

இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஜாயிண்ட் அக்கவுண்ட் போட்டால், மொத்த பணத்தையும் ஒருவரே எடுத்து விடலாம். வீட்டு செலவுக்கு மட்டும் ஜாயிண்ட் அக்கவுண்ட் வைத்து, சேமிப்பை தனியாக போடுங்க. பழைய கணக்கில் நாமினி யார் என்றும் பாருங்க. படித்து பார்க்காமல் பவர் பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம்.

வக்கீலுக்கு கொடுக்க காசு இல்லையா? மாவட்ட கோர்ட்டில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இதெல்லாம் வர்றவர் மேல சந்தேகப்பட்டு செய்வது இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாப்பு, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னாடியே அவரிடம் சொல்லி விட்டு செய்யுங்க. நல்ல மனுஷன் தப்பா நினைக்க மாட்டார்.