ஏரிக்குப் பத்தியம் வைத்த ஊர்

வருஷத்தில் நாலைந்து மாதம் வாசலில் பனி குவிந்து கிடந்தால், பெண்களும் குழந்தைகளும் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பார்கள் என்றுதானே நினைப்போம்? பின்லாந்து நாட்டின் லாஹ்தி நகரில் அதுதான் இல்லை! காலில் சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு பாட்டி முதல் பேத்தி வரை வெளியே கிளம்பிவிடுகிறார்கள்.

தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டர். ரயிலில் ஒரு மணி நேரப் பயணம்தான். வெசியார்வி என்ற பெரிய ஏரியின் தென்கரையில் இருக்கிறது ஊர். இங்கே 1920-களிலிருந்து பனிச்சறுக்குப் போட்டிகள் நடக்கின்றன. உலகச் சாம்பியன் போட்டி மட்டும் ஏழு முறை நடந்திருக்கிறது. 1989-ல் பெண்களுக்கான 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் தங்கம் வென்றவர் பின்லாந்தின் மார்யா-லீசா கிர்வெஸ்னியெமி. அப்போது அவருக்கு வயது 33! வீரர்கள் பறந்து குதிக்கும் உயரமான தாவுமேடையின் அடிவாரம் கோடையில் என்ன ஆகிறது தெரியுமோ? நீச்சல் குளம்! குழந்தைகள் கும்மாளம் போடுகிறார்கள்.

ஆனால் இந்த ஊரைப் பற்றி நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. ஊருக்கே அழகான அந்த ஏரி ஒரு காலத்தில் பாழாய்ப் போயிருந்தது.

ஊர் வளர வளர, வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் ஏரியில் போய்ச் சேர்ந்தன. கழிவில் இருந்த பாஸ்பரஸ் பாசிக்கு நல்ல உரம். கோடை வந்தால் நீலப்பச்சைப் பாசி ஆடை மாதிரி படர்ந்து நாறும். இந்தப் பாசியில் சில வகை நஞ்சை உண்டாக்கும். அந்தத் தண்ணீரில் குளித்தால் தோல் அரிப்பு வரலாம்; வாயில் போனால் வாந்தி, பேதி வரலாம். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எப்படித் தைரியமாக இறக்குவார்கள்?

1976-ல் கழிவு நீரை ஏரிக்குள் விடுவதை நிறுத்தினார்கள். அப்பாடா, தீர்ந்தது என்று நினைத்தால் பாசி போகவில்லை! சேற்றில் பழைய சத்து தங்கிவிட்டது. சின்னச் சின்ன மீன்கள் ஏராளமாய்ப் பெருகி, அடியில் மேய்ந்து, அந்தச் சத்தை மறுபடியும் தண்ணீரில் கலந்துகொண்டிருந்தன.

விஞ்ஞானிகள் ஒரு யோசனை சொன்னார்கள்: மீனை வாரி எடுங்கள்! 1989 முதல் 1993 வரை பத்து லட்சம் கிலோவுக்கும் மேல் மீன் பிடித்தார்கள். ஊர்க்காரர்களும் கைகொடுத்தார்கள். சின்ன மீன்களைத் தின்னும் பெரிய மீன் வகைகளையும் ஏரியில் விட்டார்கள். தண்ணீர் தெளிந்தது. சில வருஷம் கழித்துப் பாசி மீண்டும் தலைகாட்டியபோது சலித்துக்கொண்டு விட்டுவிடவில்லை. மீன் பிடிப்பதும் கண்காணிப்பதும் தொடர்கின்றன. நாள்பட்ட நோய்க்குப் பத்தியம் இருப்பது போலத்தான்!

ஏரி தெளிந்ததும் கரையும் மாறியது. பழைய மரவேலைத் தொழிற்சாலையை ஒட்டி, 2000-ல் மரத்தாலேயே ஓர் இசை அரங்கம் எழுந்தது. பின்லாந்தின் பெருமைக்குரிய இசை மேதை சிபேலியஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். உலகப் புகழ் பெற்ற லாஹ்தி சிம்பொனி இசைக்குழுவுக்கு அதுதான் வீடு. 2021-ல் 'ஐரோப்பாவின் பசுமைத் தலைநகர்' என்ற கௌரவமும் ஊருக்குக் கிடைத்தது.

அந்த ஏரியைக் கெடுத்ததில் ஒரு பங்கு, எங்கிருந்தோ வந்த விஷம் இல்லை, சகோதரிகளே. ஒவ்வொரு வீட்டின் அடுப்படியிலிருந்தும் குளியலறையிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதுதான். கழிவை 1976-லேயே நிறுத்தியாயிற்று. ஏரி உடம்பு தேறப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வந்தபின் வைத்தியம் பார்ப்பதைவிட வராமல் காப்பது எளிது என்பது, குழந்தை வளர்க்கும் நமக்குத் தெரியாததா என்ன?