விரலை அரிக்கும் சவ்வு

அக்டோபர் 12 உலக மூட்டழற்சி நாள். வழக்கம்போல முகாம்கள் நடக்கும். பேனரில் 'மூட்டுவலி' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லா நோயையும் அடைத்துவிடுவார்கள். பூ விளையும் கீரமங்கலம் பக்கமிருந்து எனக்கு வந்த கடிதங்களிலும் அதே குழப்பம்தான். முழங்கால் தேய்ந்த பெரியவருக்கும், இரண்டு கை விரலும் வீங்கிய பூப்பறிக்கும் பெண்ணுக்கும் ஒரே கால்சியம் மாத்திரை.

தேய்மானம் எல்லோருக்கும் தெரிந்த கதை, விடுவோம். விரல் வீங்கும் முடக்குவாதத்தில் வில்லன் எலும்பு இல்லை. மூட்டின் உள்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு. நல்ல நிலையில் அதன் மேலடுக்கு இரண்டு மூன்று செல் கனம்தான். வழவழப்பான நீரைச் சுரந்து, குருத்தெலும்புக்கு ஊட்டம் கொடுப்பது அதன் வேலை. நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே வந்து குவிந்ததும் அது பத்து செல் கனம்வரைகூடத் தடிக்கிறது, தனக்கென ரத்தக்குழாய் போட்டுக்கொள்கிறது, வரப்பைத் தாண்டிய கோரைபோலக் குருத்தெலும்பின் மேல் ஏறி அரிக்கிறது.

என்னை உறுத்துவது இதற்கடுத்த கட்டம். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளியின் சவ்விலிருந்து எடுத்த, திசுவைக் கட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைக் குருத்தெலும்போடு சேர்த்து, எதிர்ப்புசக்தி இல்லாத எலிகளின் தோலுக்கடியில் வைத்தார்கள். உடலின் மறுபக்கத்தில் செல் சேர்க்காத வெறும் குருத்தெலும்பு. செல்கள் ரத்தம் வழியே போய் அந்தப் பக்கத்தையும் அரித்தன. அரிக்கக் கற்றுக்கொண்ட செல்லுக்குத் தூண்டிவிட ஆள் தேவைப்படவில்லை. நோய் ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தாவுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். எலியில் கண்டதுதான், மனிதரில் உறுதியாகவில்லை.

நடப்பிலுள்ள மருந்துகள் பெரும்பாலும் எதிர்ப்புச் செல்களையும் அவை அனுப்பும் ரசாயனச் செய்திகளையும்தான் குறிவைக்கின்றன, அரிக்கும் ஃபைப்ரோபிளாஸ்டை அல்ல. எனவே 'நோய் கட்டுப்பாட்டில்' என்று சீட்டில் எழுதியிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இறங்கியிருக்கும், சவ்வு இன்னும் தடித்தே இருப்பது அல்ட்ராசவுண்டில் தெரியலாம்.

அரசுக் கணக்கிலும் இப்படித்தான், வெளியே தெரிவதுதான் பதிவாகும். முடக்குவாதம் இல்லாவிட்டாலும் மூட்டைத் தாக்கும் சிக்குன்குனியாவைப் பாருங்கள். 2006 சிக்குன்குனியாவில் நாடு முழுக்கச் சுமார் 13.9 லட்சம் பேர் என்றது அரசு. எண்ணியது காய்ச்சலை, மாதக்கணக்கில் நீண்ட மூட்டு வீக்கத்தை அல்ல. ரீயூனியன் தீவில் ஒரு நோயாளியின் மூட்டுச் சவ்வில் 18 மாதம் கழித்தும் அந்த வைரஸின் தடயம் கிடைத்தது.

முடக்குவாதத்துக்குத் திரும்புவோம். காலையில் ஏன் விரல் மடங்குவதில்லை? அழற்சியைத் தூண்டும் பொருட்கள் பின்னிரவில்தான் ஏறுகின்றன. மொட்டு விரியுமுன் பறித்தாக வேண்டிய மல்லிகைக்காரர்களுக்கு இதைவிடக் கெட்ட நேரம் இல்லை. விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் போய், வீக்கமும் நீடித்தால் ஆறு வாரத்துக்குள் வாதநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக: எக்ஸ்ரே போதுமா? எலும்பு அரித்த பிறகுதான் அது காட்டும்.

ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்றால்? அப்போதும் நோய் இருக்கலாம்.

புளி, கத்திரிக்காய்? விலக்க ஆதாரமில்லை.

பீடி? பிடிப்பதை நிறுத்துங்கள்.

ஸ்டீராய்டு ஊசி? வீக்கம் வடியும், அரிப்பு நின்றதாக அர்த்தமில்லை.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதிக் கொடுத்தால்? வாரத்துக்கு ஒரே நாள். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.