கேட்ட பிறகு பேசிய ஆசிரியர்

உறக்கம் வந்ததா, பசி எடுக்கிறதா, வலி குறைந்ததா என்று நாள்தோறும் நோயாளிகளைக் கேட்கிறேன். வாழ்நாளில் அவர்கள் என்னவாக இருந்தார்கள் என்று கேட்பது அரிது. லியோன் லேசன் என்ற ஆசிரியரின் வரலாற்றைப் படித்தபோது இக்குறை எனக்கு உறைத்தது.

அவர் 1929-இல் போலந்தின் நரேவ்கா என்னும் சிற்றூரில் யூதக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். 1938-இல் குடும்பம் கிராகோவ் நகரில் குடியேறியது. மறு ஆண்டே நாஜிப் படை அந்நகரைக் கைப்பற்றியது. சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்ற பேரழிப்பின் தொடக்கக் காலம் அது. லியோனின் பள்ளிப் படிப்பு அறுந்தது. பதின்மூன்று வயதில் ஆஸ்கர் ஷிண்ட்லரின் எனாமல் பாத்திரத் தொழிற்சாலையில் சேர்ந்தார். இயந்திரத்தின் பிடி கைக்கு எட்டாததால் மரப்பெட்டியொன்றின்மேல் ஏறி நின்று வேலை செய்தார். ஷிண்ட்லர் அருகே வந்து பேசுவார். சில வேளைகளில் கூடுதல் உணவுக்கும் ஏற்பாடு செய்வார்.

ஷிண்ட்லர் காப்பாற்றிய ஏறத்தாழ 1,200 பேரில் மிக இளையோருள் லியோனும் ஒருவர். பெற்றோரும் ஓர் அண்ணனும் அக்காவும் அவருடன் பிழைத்தனர். மற்ற இரு அண்ணன்மார் பிழைக்கவில்லை. அவர்களுள் ட்சாலிக்கைக் கொலைமுகாமுக்குச் செல்லும் ரயிலிலிருந்து இறக்கிவிட ஷிண்ட்லர் முன்வந்தார். அதே வண்டியில் தாம் நேசித்த பெண் இருந்ததால் அவர் இறங்க மறுத்துவிட்டார்.

1949-இல் அமெரிக்கா சென்ற லியோன், விட்ட படிப்பைத் தொடர்ந்து பட்டம் பெற்றார். லாஸ் ஏஞ்சலிஸ் அருகே ஹன்டிங்டன் பார்க் உயர்நிலைப் பள்ளியில் 39 ஆண்டுகள் பணியாற்றினார். மரப்பெட்டிமேல் நின்று கற்ற இயந்திரத் தொழிலே வகுப்பறையில் அவருக்குக் கைகொடுத்தது. ஆனால் அப்பெட்டியின் கதையை அவர் சொல்லவில்லை. தொடக்கத்தில் சொல்ல முயன்றபோது, போர்க்காலத்தில் இங்கும் பங்கீட்டு உணவுதான் என்ற மறுமொழி கிடைத்ததாம். அத்துடன் வாயை மூடிக்கொண்டார்.

இவ்விடத்தில் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். "இந்த வயதில் எல்லோருக்கும் வரும் வலிதான்" என்று நானும் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! ஆறுதல் என்று எண்ணியே சொன்னேன். அதைக் கேட்டபின் எத்தனை பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள் என்று கவனித்ததில்லை.

1993-இல் ஷிண்ட்லரைப் பற்றிய திரைப்படம் வெளிவந்தபின், செய்தியாளர் ஒருவர் தேடிவந்து கேட்டார். அதன்பின்னரே அவர் பேசலானார்; கையில் குறிப்பேதுமின்றிப் பல இடங்களில் பேசினார். 2013 சனவரியில் நிணநீர்ப் புற்றுநோயால் மறைந்தார். அவருடைய தன்வரலாறு அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல மறந்துவிட்டேன். 1965-இல் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் ஷிண்ட்லரை வரவேற்க லியோன் சென்றிருந்தார். வளர்ந்த மனிதரைத் தெரியாமற் போகுமோ என்று தம்மை அறிமுகம் செய்துகொள்ள முற்பட்டார். அதற்குமுன்பே ஷிண்ட்லர் அவரைக் 'குட்டி லேசன்' என்று அடையாளம் கண்டுகொண்டார்.

உங்கள் வீட்டுப் பெரியவரை அடுத்த முறை அழைத்து வரும்போது, அவர் பார்த்த வேலையையும் பிறந்த ஊரையும் என்னிடம் சொல்லுங்கள். படிவத்தில் அதற்கெனக் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன்.