அரிசிப் பூஞ்சையில் கிடைத்த இதய மருந்து... எலி கைவிட்டது, கோழி காப்பாற்றியது!

இரவுச் சாப்பாடு முடிந்ததும் தாத்தாவோ அப்பாவோ போடும் கொலஸ்ட்ரால் மாத்திரையைப் பார்த்திருப்பீர்கள். அட்டையில் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். இந்த 'ஸ்டாட்டின்' குடும்பத்தின் முதல் மருந்து எதிலிருந்து கிடைத்தது தெரியுமா? அரிசியில் வளர்ந்த பூஞ்சையிலிருந்து!

கண்டுபிடித்தவர் ஜப்பான் விஞ்ஞானி அகிரா எண்டோ. 1933-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பூஞ்சையிலிருந்து பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங்தான் அவருடைய ஹீரோ. 1960-களில் ஆராய்ச்சிக்காக நியூயார்க் போனபோது, அங்கே மாரடைப்பால் எத்தனை பேர் சாகிறார்கள் என்பதை நேரில் பார்த்தார்.

6,000 சோதனைகள்

கொலஸ்ட்ரால் சாப்பாட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. பெரும்பகுதியை நம் உடலே தயாரிக்கிறது. அதற்கு உதவும் ஒரு நொதியைத் தடுத்துவிட்டால்? 1971-ல் டோக்கியோவின் சாங்கியோ நிறுவனத்தில் தேடலைத் தொடங்கினார் எண்டோ. 6,000-க்கும் மேற்பட்ட நுண்ணுயிரிகளைச் சோதித்த பிறகு, கியோட்டோ நகரத்து அரிசியில் இருந்த நீலப்பச்சைப் பூஞ்சை கைகொடுத்தது. 1973-ல் கிடைத்த அந்த மருந்துதான் காம்பாக்டின்.

ஆனால், எலிகளுக்குக் கொடுத்தபோது கொலஸ்ட்ரால் குறையவே இல்லை. 'அவ்வளவுதான்' என்று கைவிட வேண்டிய நிலை. முட்டையில் கொலஸ்ட்ரால் அதிகம்; அப்படியானால் முட்டையிடும் கோழியின் ரத்தத்திலும் அதிகம் இருக்குமே என்று யோசித்தார் எண்டோ. கோழிகளுக்குக் கொடுத்ததும் கொலஸ்ட்ரால் மளமளவென இறங்கியது. 1978-ல் ஒசாகாவில், பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் எகிறியிருந்த நோயாளிகளுக்கும் பலன் கிடைத்தது.

கைமாறிய வெற்றி

நாய்களுக்குப் பாதிப்பு வருகிறதோ என்ற சந்தேகத்தில், 1980-ல் சாங்கியோ ஆய்வை நிறுத்தியது. வேறொரு பூஞ்சையிலிருந்து இதே வகை மருந்தைக் கண்டுபிடித்த அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் முந்திக்கொண்டது. 1987-ல் அதன் லோவாஸ்டாட்டின், அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற முதல் ஸ்டாட்டின் ஆனது.

'கொலஸ்ட்ரால் குறைந்தால் ஆயுள் கூடுமா?' என்ற கேள்விக்கு 1994-ல் பதில் வந்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் மரணங்கள் 30 சதவிகிதம் குறைந்தன.

எண்டோவுக்கு 2008-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. நோபல் கடைசிவரை கிடைக்கவில்லை. 2024-ல், 90 வயதில் மறைந்தார்.

ஸ்டாட்டின் எடுப்பவர்களில் சிலருக்குத் தசைவலி வரலாம். அப்படி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். 'ரிப்போர்ட் நார்மல்தானே' என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அந்த நார்மலே மாத்திரையால் வந்ததாக இருக்கலாம்!