காது கேட்காத பீத்தோவன் 9-வது சிம்பொனியை எழுதியது எப்படி?

1824 மே 7. வியன்னா நகரின் அரங்கம் ஒன்றில் கைதட்டல் அதிர்கிறது. ஆனால், அந்த இசையை எழுதியவரோ கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடியே நிற்கிறார். பாடகி கரோலின் உங்கர் அவரைத் திருப்பிவிட்ட பிறகுதான், ரசிகர்கள் கொண்டாடுவதே அவருக்குத் தெரிகிறது.

அவர்தான் லுட்விக் வான் பீத்தோவன். அன்று அரங்கேறியது அவரது 9-வது சிம்பொனி. சரி, காது கேட்காத ஒருத்தர் இவ்வளவு பெரிய இசையை எப்படி எழுதினார்?

பிரச்னை எப்போது தொடங்கியது?

பீத்தோவன் பிறந்தது 1770-ல், ஜெர்மனியின் பான் நகரில். 30 வயதை நெருங்கும்போதே காதில் இரைச்சல் தொடங்கிவிட்டது. பியானோ கலைஞராகப் புகழ்பெற்றிருந்த நேரம் அது. வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் ஆட்களைச் சந்திப்பதையே குறைத்துக்கொண்டார்.

1802-ல் தன் சகோதரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். உயிரை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்ததாகவும், இசைதான் தன்னைத் தடுத்ததாகவும் அதில் சொல்லியிருந்தார். கடைசிவரை அனுப்பாத அந்தக் கடிதம், 1827-ல் அவர் இறந்த பிறகுதான் கிடைத்தது.

மற்றவர்களிடம் எப்படிப் பேசினார்?

முதலில் காதில் வைத்துக் கேட்கும் உலோகக் குழாய்களைப் பயன்படுத்தினார். 1818 முதல் நோட்டுப் புத்தகம்தான் துணை. வருபவர்கள் சொல்ல வந்ததை அதில் எழுதுவார்கள், பீத்தோவன் பெரும்பாலும் வாயாலேயே பதில் சொல்வார். அதனால் இன்று கிடைக்கும் அந்த நோட்டுகளில் கேள்விகள்தான் அதிகம், அவருடைய பதில்கள் குறைவு.

அப்போ இசை எப்படி வந்தது?

ஒரு கடிதத்தை மனசுக்குள் படிக்கும்போது வார்த்தைகள் உள்ளே ஒலிக்கும் இல்லையா? அதுபோலத்தான் இதுவும். சின்ன வயதிலிருந்தே இசைக்குறிப்புகளோடு வாழ்ந்தவர் அவர். எந்தக் கருவி எப்படி ஒலிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. தோன்றியதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி, அடித்து, திருத்தித்தான் இசையை உருவாக்கினார். 9-வது சிம்பொனியில் வரும் ஷில்லரின் கவிதைக்கு இசையமைக்கும் ஆசையும் 20-களின் தொடக்கத்திலேயே, காது நன்றாகக் கேட்ட காலத்திலேயே அவருக்கு இருந்தது.

அவர் இழந்தது என்ன?

எழுத முடிந்தது, ஆனால் வாசிக்க முடியவில்லை. 1814-க்குப் பிறகு பொதுமேடையில் பியானோ கலைஞராக அவர் வாசிப்பது ஏறக்குறைய நின்றுபோனது. 1824 அரங்கேற்றத்தில்கூட அவர் மேடையில் நின்று தாளம் காட்டினாலும், கலைஞர்களை உண்மையில் வழிநடத்தியவர் மைக்கேல் உம்லாஃப்.

காது கேட்காமல் போனதற்கு என்ன காரணம்?

அவரது தலைமுடியின் மரபணுவை ஆராய்ந்து 2023-ல் ஓர் ஆய்வு வெளியானது. கல்லீரல் நோய்க்கான தடயங்கள் கிடைத்தன. காதுப் பிரச்னைக்கான காரணம் மட்டும் அதிலும் சிக்கவில்லை.

அந்தச் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் வரும் மெட்டுதான் இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் கீதம். கோடிக்கணக்கானோர் கேட்கும் அந்த மெட்டை, எழுதியவர் மனசுக்குள் மட்டும்தான் முழுசாகக் கேட்டார்.