தீக்குத் தப்பிய துப்பாக்கி

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு நள்ளிரவில் நமது சங்க அங்கத்தினர் ஒருவரின் இல்லத்தில் தீப்பிடித்த செய்தியை, மைசூரில் வாழும் நம்மவரில் பெரும்பாலோர் அறிவர். தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் ஒன்றுமில்லை. மறுநாள் காலை நாம் சிலர் அங்குச் சென்றபோது, கூடத்தில் கணுக்காலளவு கரிநீர் தேங்கி நின்றது. வீட்டம்மையார் பக்கத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் நகைகளைப் பற்றியே விசாரித்தனர். நண்பரோ நடு அறையில், வெந்து நெளிந்திருந்த இரும்பு பீரோவின் எதிரே அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் பீரோவினுள் அவருடைய தந்தையாரின் துப்பாக்கி இருந்தது. பன்னிரண்டு போர் இரட்டைக்குழல். கூடலூர்ப் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த அப்பெரியவர் காட்டுப்பன்றிகளை விரட்டுவதற்காக வாங்கியது. தந்தையார் மறைந்தபின் முறைப்படி தம் பெயருக்கு லைசென்ஸ் பெற்று, இராணுவத்தில் சுபேதாராயிருந்து ஓய்வுபெற்ற நம் நண்பர் அதைப் போற்றி வைத்திருந்தார். ஆண்டுதோறும் ஆயுதபூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கொலுவின் கீழ்ப்படியில் சாத்துவதை நாமே கண்டிருக்கிறோம்.

தீ மூண்டது இன்வெர்ட்டரின் இணைப்புக் கம்பியிலிருந்து. அது போகட்டும். நண்பரின் மனத்தை அறுத்தது வேறு ஒரு விஷயம். துப்பாக்கி வைத்திருந்த அதே பீரோவில், கீழ்த்தட்டில், ஒரு பெட்டித் தோட்டாக்களையும் அவர் வைத்திருந்தார். தோட்டாவிலுள்ள மருந்து ஏறக்குறைய இருநூறு டிகிரி வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். எரிகின்ற அறையோ ஐந்நூறு, அறுநூறு டிகிரியைத் தொட்டுவிடும். உள்ளே ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டாக்கள் வெடிக்கவே, தீயணைப்புப் படையினர் வாசலிலேயே தயங்கி நின்றனர். அந்தச் சில நிமிடங்களில் நடு அறை முழுவதும் சாம்பலாயிற்று. "அந்த அறையை எரித்தது நெருப்பு இல்லை, நான்தான்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நாம் தேறுதல் கூறினோம். எனினும் அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை.

உச்சிப்பொழுதில் விராஜ்பேட்டையிலிருந்து அவருடைய பழைய படைத் தோழர் வந்து சேர்ந்தார். குடகர். குடகு நாட்டில் துப்பாக்கி என்பது குடும்பத்தில் ஓர் அங்கம். ஆண்மகவு பிறந்தால் வானை நோக்கி ஒரு வேட்டும், மரணம் நேர்ந்தால் இரண்டு வேட்டும் முழங்குவது அவர்கள் வழக்கம். ஆங்கிலேயர் காலத்திலிருந்தே அவர்களுக்கு லைசென்ஸ் விதியினின்று விலக்கு உண்டு; 2019-இல் மத்திய அரசு அதனை 2029 அக்டோபர் இறுதி வரை நீட்டித்துள்ளது. ஆகவே துப்பாக்கியின் நோய்நொடிகளை அவர்கள் அறிந்த அளவுக்கு நம்மவர் அறியார்.

அவர் முதலில் கேட்ட கேள்வி, "குழலில் தோட்டா இருந்ததா?" என்பதே. இல்லை என்று அறிந்ததும் பெருமூச்சு விட்டார். பெட்டியில் வெடிக்கும் தோட்டா பெரும்பாலும் தன் கூட்டையே கிழித்துக்கொண்டு ஓயும். குழலினுள் இருப்பதோ, குதிரையை இழுப்பார் இல்லாமலேயே, வெளிச்சென்று ஆளைக் கொல்ல வல்லது. தோட்டா ஏற்றிய துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொண்டு உறங்குவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

பீரோ நன்றாக ஆறியபிறகே அதைத் திறக்க விட்டார். சூடாயிருக்கையில் கதவைத் திறந்தால், உட்புகும் காற்றினால் கனன்றுகொண்டிருப்பது மீண்டும் மூண்டெழக்கூடுமாம். துப்பாக்கியை வெளியில் எடுத்தபோது நமக்கு அது அவ்வளவாகக் கெட்டதாகத் தோன்றவில்லை. கட்டை ஒருபுறம் கருகியிருந்தது. குழல்கள் நேராகவே இருந்தன. "துடைத்து எண்ணெயிட்டால் சரியாய்விடும்" என்று நம்மில் ஒருவர் சொல்லிவைத்தார். குடக நண்பர் சிரிக்கவில்லை.

அவர் விளக்கியதை இங்கே சற்று விரித்தே எழுதுகிறோம். தீயைக் காட்டிலும் அதற்குப் பின் வருவனவே இரும்புக்குப் பெரும் பகை. மின்கம்பிகளின் மேலுறை எரியும்போது எழும் புகையில் ஒருவகை அமிலம் உண்டு. தீயை அணைக்க இறைத்த நீருடன் அது கலந்து இரும்பின்மேல் படிந்தால், ஒரே இரவில் துரு அரிக்கத் தொடங்கிவிடும். ஆதலால் காப்பீட்டுக்காரர் வரட்டும், உறவினர் வரட்டும் என்று காத்திராமல், முதலில் படம் எடுத்துக்கொண்டு, உடனே உலரத் துடைத்து எண்ணெய் பூசிவிடவேண்டும். துரு கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்றும் உண்டு. எஃகுக்குப் பதமிட்டுத்தான் உள்ளிருக்கும் விற்சுருள்களுக்கும் குதிரைக்கும் உறுதி ஏற்றுகிறார்கள். பெருவெப்பம் பட்டால் அந்தப் பதம் இறங்கிப்போகும். இரட்டைக்குழலின் இரு குழல்களையும் இணைக்கும் பட்டை ஈயப்பற்றினால் ஒட்டப்பட்டது; அந்தப் பற்று இருநூறு டிகிரிக்கு முன்பின்னாகவே உருகிவிடும். பார்வைக்கு முழுதாயிருக்கும் துப்பாக்கி, சுடுபவரின் முகத்திலேயே சிதறக்கூடும். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியர் பிரித்துப் பார்த்துச் சொல்லும்வரை ஒரு தோட்டாகூட அதில் ஏற்றலாகாது.

அப்படியானால் நெருப்புத் தாங்கும் இரும்புப் பெட்டி வாங்கினால் போதுமா என்று கேட்டோம். அதற்கும் ஒரு குறை சொன்னார். அத்தகைய பெட்டியின் சுவரில் வைத்த ஜிப்சம் பலகை, சூடேறும்போது தன்னுள் அடங்கிய நீரை ஆவியாக விடுகிறது. அந்த ஆவிதான் வெப்பத்தைத் தடுக்கிறது. அதே ஆவி உள்ளிருக்கும் துப்பாக்கியையும் நனைத்துவிடும். எனவே தீ ஓய்ந்தபின் பெட்டி ஆறியவுடன் திறந்து உலர்த்தாவிட்டால், நெருப்பினின்று காத்ததைத் துருவுக்குக் கொடுத்ததாகும். தோட்டாக்களை மட்டும் அப்பெட்டியில் வைக்காமல் வேறிடத்தில் தனியே பூட்டி வைக்கவேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். இரண்டாம் முறை சொல்லும்போது நம் சுபேதாரைப் பார்க்காமல் சொன்னார்.

லைசென்ஸ் புத்தகம் எரிந்துபோயிருந்தது. நல்லவேளையாகத் துப்பாக்கியின் எண்ணும், லைசென்ஸுக்கு அரசு அளித்த தனி அடையாள எண்ணும் சென்னையிலுள்ள மகளிடம் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. அந்தத் துண்டுச்சீட்டு இல்லாவிடில் நண்பர் பட்டிருக்கக்கூடிய அலைச்சலுக்கு அளவில்லை. அன்று மாலையே அவர் தம் கையாலேயே துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்துக்கு எடுத்துச் சென்று, நடந்ததை எழுதிக் கொடுத்து, அங்கேயே பாதுகாப்பில் ஒப்படைத்து ரசீது பெற்றார். கதவு இல்லாத வீட்டில் துப்பாக்கியை வைத்திருக்க முடியாதல்லவா?

ஏனைய பொருள்களைப் பற்றியும் சில சொற்கள். தீயணைப்பு நிலையத்தில் பெறும் சான்றிதழ் காப்பீட்டுக்கு இன்றியமையாதது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டில், கட்டடத்துக்குக் காப்பீடு செய்தால், வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, பத்து லட்ச ரூபாய் வரம்புக்குள், தானாகவே சேர்கிறது. நகை, வெள்ளி, கலைப்பொருள் போன்றவற்றுக்குத் தனியே கேட்டுச் சேர்க்கவேண்டும். துப்பாக்கி எதில் அடங்கும் என்பதை வாய்மொழியாகக் கேட்டு நம்பாமல், எழுத்தில் பெற்றுக்கொள்வது நலம். நம் நண்பர் அதைக் கேட்கவே இல்லை. அரிசிப்பானையில் அம்மையார் ஒளித்துவைத்த நோட்டுகள் கருகிக் கட்டையாயிருந்தன. அவற்றைப் பிரிக்க முயலாமல் பெட்டியில் வைத்துப் பெங்களூர் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லச் சொன்னோம். இப்படிக் கருகிய நோட்டுகளைச் சாதாரண வங்கிக் கிளையில் மாற்றித் தரமாட்டார்கள்.

ஒரு மாதம் சென்றபின் கம்மியர் பார்த்துச் சொன்ன முடிவு நாம் அஞ்சியதே. பட்டையின் பற்று விட்டிருந்தது, விற்சுருள்கள் துவண்டுவிட்டன. சுடுவதற்கு இனி உதவாது. வீட்டில் இதனால் ஒரு பிணக்கு மூண்டது. "பிள்ளைகள் பிழைத்ததே போதும், அதை மறுபடி இந்த வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்" என்பது அம்மையார் கட்சி. அப்பாவின் கைபட்டதாக எஞ்சியிருப்பது அது ஒன்றே என்பது நண்பர் கட்சி. நம்மிடம் மத்தியஸ்தம் கேட்டார்கள். நாம் நழுவிவிட்டோம் என்பதை ஒளிப்பானேன்?

சட்டத்தில் ஒரு சிறு வழி இருக்கிறது. பழுதுபார்த்தும் சுடவே இயலாதபடி கெட்டுப்போன ஆயுதத்துக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் அது அவ்வாறு கெட்டதுதானா என்று முடிவு செய்வது உடையவர் அல்லர், அதிகாரிகளே. நண்பர் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

ஆவணியில் குடகர்கள் கொண்டாடும் கைல்போதுத் திருநாளுக்குத் தம்பதியர் இருவரும் விராஜ்பேட்டைக்கு அழைக்கப்பட்டிருந்தனர். வீட்டு ஆயுதங்களையெல்லாம் வரிசையாக வைத்து, 'தோக்குப் பூ' என்னும் துப்பாக்கிப் பூவைச் சூட்டி வழிபடும் நாள் அது. அந்தப் பூவைப் பார்த்ததும் அம்மையார் வியந்துபோனாராம். அது நம் தமிழ்நாட்டின் அரசு மலரான செங்காந்தளேதான். படைத் தோழரின் துப்பாக்கிக்குச் சூட்டியது போக ஒரு பூவை அவர் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். யாருக்கு என்று நண்பர் கேட்கவில்லையாம். போலீஸ் நிலைய ரசீதுடன் சேர்த்து அதை ஓர் உறையில் வைத்திருப்பதை, சென்ற வாரம் அவர்கள் புதுக்குடியிருப்புக்குச் சென்றபோது நாம் கண்டோம்.