டேபிள் எங்கே ஆடுகிறது?

சேர்வராயன் கோயில் மேடு 5,326 அடி உயரம். இங்கே வாங்கிய டீ, பேச்சு சூடு பிடிப்பதற்குள் ஆறிவிடும். குடித்துக்கொண்டே கேள், தம்பி. உன் சின்ன மில்லிங் மெஷினில் டேபிள் ஆடுகிறது, பேக்லாஷை எடுக்க வேண்டும் என்கிறாய். எடுக்கலாம். ஆனால் ஆட்டம் மூன்று இடத்தில் இருக்கும். எது என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடாதே.

சேலத்திலிருந்து ஏறி வரும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவு. பழைய ஜீப் என்றால் ஸ்டியரிங் கொஞ்சம் சும்மா சுற்றிய பிறகுதான் சக்கரம் திரும்பும். மெஷின் கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பினாலும் அதே கதைதான்: டயலில் கோடு ஓடும், டேபிள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு சுற்றுக்கு 2 மில்லிமீட்டர், டயலில் 100 கோடு என்றால் ஒரு கோடு 0.02. ஐந்து கோடு சும்மா போனால் 0.1 மில்லிமீட்டர் காணாமல் போயிற்று. அதுதான் பேக்லாஷ்.

முதலில் பார்க்க வேண்டியது பக்கவாட்டு ஆட்டம். டேபிள் டவ்டெயிலில் ஓடுகிறது. அதன் ஒரு பக்கம் இருக்கும் தட்டைப் பட்டைதான் கிப். டேபிளைத் தாங்கும் சேடிலில் மேக்னடிக் பேஸை வைத்து, டயல் கேஜ் முனையை டேபிளின் பக்கவாட்டில் தொடவை. டேபிளின் ஓரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அசை. முள் ஆடினால் கிப் தளர்வு. இதைச் சரிசெய்யாமல் மற்றதை அளந்தால் கணக்கு தப்பும்.

இந்த வகை மினி மில்களில் கிப்பைத் தள்ள வரிசையாக ஸ்க்ரூ இருக்கும். எல்லா லாக் நட்டையும் தளர்த்து. ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கிப்பைத் தொடும் வரை திருகு. டேபிளை ஓட்டிப் பார். இழுவை தெரிந்ததும் மயிரிழை பின்வாங்கு. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பப் பார்க்கும், அலன் கீயால் பிடித்துக்கொள். எவ்வளவு பார்த்தும் ஓரிடம் பிடித்து, ஓரிடம் தளர்ந்தால் கிப்பை வெளியே எடு. ஸ்க்ரூ குத்திய இடத்தில் எழும்பிய பிசிறையும், ஓரத்துப் பெயிண்டையும் நீக்கி, கண்ணாடிப் பலகையில் எமெரி பேப்பர் விரித்து எண்ணெய் விட்டுத் தேய். மெருகேறிய திட்டு எங்கே தெரிகிறதோ அதுதான் மேடு. திட்டு முகம் முழுக்கப் பரவும் வரை தேய்த்தால் போதும்.

அடுத்து, டேபிளைக் கையால் இடவலமாகத் தள்ளு. கண்ணைக் கைப்பிடியின் அடிப்பாகத்துக்கும் அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே வை. அந்த இடைவெளி திறந்து மூடினால் ஆட்டம், டேபிளை ஓட்டும் லீட் ஸ்க்ரூவின் முனையில் இருக்கிறது. அங்கே வாஷரைச் சரிசெய்தாலோ, சின்ன த்ரஸ்ட் பேரிங் போட்டாலோ அடங்கிவிடும். செலவு குறைவு, பலன் பெரிது. பலர் பார்க்காமல் விடுவதும் இதைத்தான்.

இடைவெளி அசையாமல் டேபிள் மட்டும் போய்வந்தால் குற்றம் லீட் ஸ்க்ரூ ஓடும் நட்டில். சில நட்டுகளில் பிளவும் அதை நெருக்க ஒரு ஸ்க்ரூவும் இருக்கும். ஆனால் லீட் ஸ்க்ரூ தேய்வது எப்போதும் வேலை நடக்கும் நடுப்பகுதியில். அங்கே ஆட்டம் பூஜ்யமாகும் வரை நெருக்கினால் ஓரங்களில் இறுகி நின்றுவிடும். ஆகவே ஓரத்தில் லேசாக ஓடும் அளவோடு நிறுத்து.

மிச்ச ஆட்டத்தைப் பழக்கத்தால் வெல்ல வேண்டும். எந்த அளவுக்கும் ஒரே திசையிலிருந்து வா. தாண்டிவிட்டால் அரைச் சுற்று பின்னால் போய் மறுபடி வா. பெரிய மெஷின்களின் துல்லியத்தைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 230-2 முறையிலும் ஒரே புள்ளியை இரு திசையிலிருந்தும் அணுகித்தான் வித்தியாசம் பார்க்கிறார்கள். ஓட்டாத அச்சைப் பூட்டிவை. கட்டர் சுழலும் போக்கிலேயே டேபிளை ஓட்டும் கிளைம்ப் மில்லிங்கைத் தவிர். ஆட்டம் இருக்கும் அளவுக்குக் கட்டரே டேபிளை உள்ளே இழுத்து, பல் உடையும்.

லீட் ஸ்க்ரூவுக்குப் பதில் பால் ஸ்க்ரூ போட்டால் தொல்லை தீராதா என்பாய். ஆட்டம் தீரும், ஆனால் உராய்வு குறைவதால் வெட்டும் விசை டேபிளைத் திருப்பித் தள்ள முடியும். பிடித்து நிறுத்த மோட்டார் இல்லாத, கையால் ஓட்டும் மெஷினுக்கு அது சரிவராது.

நம்ம மலையில் இன்னொரு வில்லன் பனிமூட்டம். குளிர்ந்த வார்ப்பிரும்பில் ஈரம் படிந்தால் துரு. துரு சுரண்டினால் மறுபடி ஆட்டம். வேலை முடிந்ததும் பொடியைத் துடைத்து 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில் பூசிவிடு.

வீட்டுக்குப் போனதும் எதையும் கழற்றாதே. டயல் கேஜை வைத்து கிப், முனை, நட் என்று மூன்று எண்ணை நோட்டில் எழுது. கிப்பைச் சரிசெய்துவிட்டு மற்ற இரண்டையும் திரும்ப அள. அவற்றில் பெரியதாக இருப்பதில் முதலில் கை வை.